ரூஃப்டாப் டென்ட்டுக்கு மெத்தை வாங்கப் போகிறீர்களா? முதலில் சப்பாத்தி மாவு பிசையுங்கள்

போன டிசம்பரில் ஊட்டிக்கு வெளியே ஒரு தோட்டத்தில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, பொலேரோ கூரைமேல் மாட்டியிருக்கும் டென்ட்டை விரித்துப் படுத்தோம். விடிகாலை நாலு மணிக்கு இடுப்பெலும்பு அடிப்பலகையில் இடித்து விழித்தேன். டென்ட்டோடு வந்த 2 இஞ்ச் மெத்தை ஒரே வருஷத்தில் அப்பளமாகியிருந்தது. "வீட்டிலேயே படுத்திருக்கலாம்" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

கோவைக்குத் திரும்பியதும் புது மெத்தை வாங்கினேன். அது டென்ட்டுக்குள் அடங்கவே இல்லை. இரண்டாவது தடவைதான் சரியாக அமைந்தது. அந்த முதல் செலவு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இந்தப் பதிவு.

படி 1: மூடியபின் இருக்கும் இடைவெளியை அளங்கள்

நீளம், அகலம் அளப்பது பெரிய விஷயமில்லை. என்னுடையது 240 செ.மீ.க்கு 140. சுற்றிலும் ஒரு செ.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள், துணி மாட்டாது.

நான் கோட்டை விட்டது உயரத்தில். மூடிய டென்ட்டின் நடுவில் 13 செ.மீ. இடம் இருந்தது. 4 இஞ்ச் என்றால் 10 செ.மீ.தானே, தாராளமாகப் போகும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் என்னுடையது நோட்டுப் புத்தகம் போல நடுவில் கீல் வைத்து மடியும் வகை. மடித்தால் மெத்தையின் ஒரு பாதி மேல் மறு பாதி வந்து உட்காரும். 10 அல்ல, 20 செ.மீ.! இரண்டு பேரும் மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தோம். ஜிப் ஒரு சாண் தள்ளியே நின்றது.

அதற்கப்புறம் செய்தது இது. பழைய மெத்தையை வெளியே எடுத்துவிட்டு, சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, பெரிய டம்ளர் உயரத்துக்கு ஐந்து தூண்களாகப் பிடித்து, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொள்ளுங்கள். அடிப்பலகையின் ஒரு பாதியில் நடுவில் ஒன்று, மூலைகளில் இரண்டு, கீல் ஓரம் இரண்டு என்று நிறுத்துங்கள். டென்ட்டை முழுசாக மூடி, ஜிப்பும் போட்டுவிட்டு, உடனே திறங்கள். மாவு எவ்வளவு உயரத்தில் நசுங்கியிருக்கிறதோ அதுதான் உங்கள் மெத்தைக்குக் கிடைக்கும் உண்மையான இடம். உள்ளே மடியும் துணி, கம்பிகள் எல்லாம் அதில் ஏற்கெனவே கழிந்துவிடும். எனக்கு நடுவில் 13, ஓரங்களில் 11 வந்தது. அதை இரண்டால் வகுத்தால் ஐந்தரையிலிருந்து ஆறரை செ.மீ. அவ்வளவுதான் என் எல்லை. (மாவு வீணாகவில்லை. அன்று ராத்திரி சப்பாத்திதான்.)

பெட்டி மாதிரி மேல்மூடி எழும்பும் டென்ட் என்றால் இந்த இரட்டைக் கணக்கு கிடையாது. மாவு வேலையை மட்டும் செய்யுங்கள்.

படி 2: ஃபோம் கடையில் என்ன கேட்பது

"40 டென்சிட்டி கொடுங்க, கெட்டியா இருக்கும்" என்று கேட்பது எல்லோரும் செய்யும் தப்பு. டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. அது எத்தனை நாள் உழைக்கும் என்று ஓரளவு சொல்லும், கெட்டியா மெத்தென்று இருக்குமா என்று சொல்லாது. ஒரே 40-இல் இரண்டும் கிடைக்கும். அதனால் துண்டைத் தரையில் போட்டு, ஒரு முழங்காலை ஊன்றிப் பாருங்கள். முட்டி தரையில் தட்டினால் ராத்திரி இடுப்பும் தட்டும்.

கிடைத்த இரண்டரை இஞ்சில் நான் இரண்டு அடுக்கு போட்டேன். அடியில் ஒன்றரை இஞ்ச் கெட்டி ஃபோம், மேலே ஒரு இஞ்ச் ரப்பர் லேடெக்ஸ். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு தோளும் இடுப்பும் அமுங்க மேலடுக்கு, தரை தட்டாமல் தாங்க அடியடுக்கு. ஒரே மெத்தையாக எடுத்தால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். இரண்டு அடுக்கையும் ஒட்டப் பசை போடவே போடாதீர்கள், உறையே பிடித்துக்கொள்ளும்.

மெமரி ஃபோம் வேண்டாம். கடையில் கை வைத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். குளிரில் அது இறுகும். ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுகிற ராத்திரி அதன்மேல் படுத்துப் பாருங்கள், பலகையே தேவலை.

காற்றடைக்கும் மெத்தையும் எனக்குப் பிடிக்காது. கோவை 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். கீழே வால்வை மூடி எடுத்துப் போனால் மேலே போகும்போது உள்ளிருக்கும் காற்று ஏறத்தாழ கால் பங்கு விரியப் பார்க்கும். ராத்திரி குளிரில் அதுவே தொய்யும். தினமும் காலையில் காற்றைப் பிதுக்கினால்தான் டென்ட் மூடும் என்பது வேறு.

எடையும் பாருங்கள். என் இரண்டு அடுக்கும் சேர்ந்து 11, 12 கிலோ. அதே அளவில் 4 இஞ்ச் முழு லேடெக்ஸ் என்றால் 25 கிலோவைத் தொடும். ஓடும் வண்டியின் கூரை எவ்வளவு தாங்கும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். டென்ட், கேரியர், மெத்தை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

படி 3: வெட்டும் உறையும்

கீல் இருக்கும் இடத்தில் நேராக இரண்டாக வெட்டச் சொல்லுங்கள். உறை மட்டும் ஒரே நீளமாக, மூன்று பக்கம் ஜிப்போடு. இல்லையென்றால் தொடைக்குக் கீழே பிளவு விட்டுப் போகும். மேல்பக்கம் பருத்தி. அடிப்பக்கத்துக்குக் கடைக்காரர் ரெக்சின் போடலாம் என்பார். மறுத்துவிடுங்கள், ஈரம் வெளியேற வழியே இருக்காது.

பின்சேர்க்கை: அடியில் ஈரம்

மெத்தைக்கு அடியில் தண்ணீர் கோத்திருக்கிறது, டென்ட் ஒழுகுகிறதா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் ஒழுகல் இல்லை. நம் உடம்பின் ஈரம் மெத்தை வழியே இறங்கி, சில்லென்ற அலுமினியப் பலகையில் பட்டுத் துளியாகிறது. மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் காற்று போக வழி வேண்டும்.

நான் முதலில் கோரைப்பாய் விரித்தேன். காலையில் எடுத்து வெயிலில் போட்டவரை நன்றாகவே இருந்தது. ஒரு தடவை சோம்பலில் அப்படியே மூடி மூன்று வாரம் விட்டுவிட்டேன், பாய் முழுக்கப் பூஞ்சை. பிளாஸ்டிக் பாய் ஈரத்தை விடாது. இப்போது போட்டிருப்பது அரை செ.மீ. நைலான் வலை விரிப்பு.

அந்த அரை செ.மீ.யும் மடித்தால் ஒரு செ.மீ. என்பது எனக்கு வாங்கியபிறகுதான் உறைத்தது. இப்போது மூடும்போது மனைவி ஓரத்தில் உட்கார்ந்தால்தான் ஜிப் நகர்கிறது. நீங்கள் மாவுக் கணக்கில் இந்த விரிப்பையும் முதலிலேயே கழித்துவிட்டு, அடி ஃபோமை ஒன்றேகால் இஞ்சாகச் சொல்லுங்கள்.