ஏலக்காய் விலை கேட்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வழி

குமுளியில் எங்கள் கடையில் ஏலக்காய் வாங்கிப் போகிறவர்கள், ஊருக்குப் போனதும் வாட்ஸ்அப்பில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இன்னைக்கு என்ன விலை?" போடியிலும் புற்றடியிலும் நடக்கும் மின்னணு ஏலத்தைப் பொறுத்து விலை ஏறி இறங்கும். கேட்லாக்கில், அதாவது வாட்ஸ்அப்பில் நாங்கள் வைத்திருக்கும் பொருள் பட்டியலில், பழைய விலையைப் பார்த்துவிட்டு அதற்கே கேட்பார்கள். சீசன் நேரத்தில் பதில் தட்டுவதா, கல்லாவைப் பார்ப்பதா?

முதலில் கேட்லாக்கில் விலையை எடுத்துவிட்டேன். கடைக்காரர்களுக்கான வாட்ஸ்அப் பிசினஸில் விலை போடுவது கட்டாயமில்லை. அதற்குப் பதில் படத்தை மாற்றினேன். வெள்ளைத் தாளில் ஸ்கேலை வைத்து, அதை ஒட்டி ஏலக்காயைப் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தேன். 8 மில்லிமீட்டர் காய் எது, 6 மில்லிமீட்டர் எது என்று இப்போது யாரும் கேட்பதில்லை. பச்சை நிறமும் உள்ளபடி தெரிகிறது. பளபளவென்று ஃபில்டர் போட்ட படத்தைவிட இதைத்தான் வாடிக்கையாளர் நம்புகிறார்.

அப்புறம் 'விரைவு பதில்' வசதி: அடிக்கடி அனுப்பும் பதிலை முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். காலையில் விலையை மட்டும் திருத்துவேன். சாய்கோட்டை (/) தட்டினால் பதில் வந்து நிற்கும்.

பிராட்காஸ்டில், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் வசதியில், விலை அனுப்பலாம்தான். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதனால் பில் கொடுக்கும்போதே, "சேவ் பண்ணிக்கோங்க, விலை தானா வரும்" என்று சொல்லிவிடுகிறோம்.