உல்லாசக் கப்பலில் குளியல் அங்கியை எங்கே அணியலாம், எங்கே கழற்ற வேண்டும்

மலேசியாவின் சிலாங்கூரிலுள்ள எங்கள் பெஸ்தாரி ஜெயாவில், பழைய பெயரில் சொன்னால் பத்தாங் பெர்ஜுந்தையில், பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் உழைத்து ஓய்ந்த பெற்றோரைப் பிள்ளைகள் உல்லாசக் கப்பலில் அழைத்துச் செல்லும் வழக்கம் பரவி வருகிறது. கிள்ளான் துறைமுகத்திலோ சிங்கப்பூரிலோ ஏறி, மூன்று நான்கு இரவுகள் கடலில் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். புறப்படுமுன் என்னிடம் அவர்கள் கேட்பவையெல்லாம் கடப்பிதழ், மாத்திரை, கடல் மயக்கம், சைவச் சாப்பாடு ஆகியவற்றைப் பற்றியே இருக்கும். உடையைப் பற்றிக் கேட்டாலும், இரவு விருந்துக்கு என்ன உடுத்துவது என்பதோடு பேச்சு நின்றுவிடும். அறையில் மாட்டியிருக்கும் வெள்ளைக் குளியல் அங்கியை, அதாவது பாத்ரோப்பை, எங்கே போட்டுக்கொண்டு போகலாம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் குடும்பப் பயணத்தில் ஒரு பெரியவரின் மனம் நொந்துபோனது அந்த அங்கியால்தான் என்பதால், இதை விரிவாகவே எழுதுகிறேன்.

என் தாய்மாமா முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் தண்டலாக, அதாவது தொழிலாளர்களின் மேற்பார்வையாளராக, இருந்தவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் பதியும் அணிவகுப்புக்கு, நிற்கும்போதுகூடச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றவர். கப்பலில் முதல் நாள் காலை, பசியாறுவதற்காக நாங்கள் அறையிலிருந்து வெளியே வந்தபோது, அவர் கட்டம் கட்டமாக நெய்த கனத்த பருத்தி அங்கியை உடுத்தி, இடுப்புக் கச்சையை ஒழுங்காக முடிந்து, தலையைப் படிய வாரிக்கொண்டு நின்றார். அங்கியின் மார்பில் கப்பலின் சின்னம் நூலால் பின்னப்பட்டிருந்தது. கப்பல்காரர்களே சின்னம் பொறித்துக் கொடுத்த உடை என்பதால், அதை அணிவதுதான் மரியாதை என்று அவர் எண்ணியிருக்கிறார். எனக்கு அது தவறென்று தெரிந்தும், பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கத்தில் பேசாமல் நடந்தேன். உணவுக்கூட வாசலில் நின்ற இளைஞர் நெஞ்சில் கைவைத்து, உடை மாற்றிக்கொண்டு வரும்படி பணிவாகவே சொன்னார். ஆனால் ஆங்கிலம் அதிகம் தெரியாத மாமாவுக்கு எட்டியதெல்லாம், வரிசையில் இத்தனை பேர் பார்க்கத் தம்மை வாசலில் நிறுத்திவிட்டார்கள் என்பது மட்டுமே. அறைக்குத் திரும்பியவர் மதியம்வரை வெளியே வரவில்லை. அந்த இளைஞர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அறை வாசலிலேயே, “மாமா, அது குளிக்கப் போறப்போ போடறதாம், சட்டைய மாத்திக்கிட்டு வந்திடுங்க, நாங்க நிக்கிறோம்” என்று நான் சொல்லியிருந்தால் அவருடைய காலைப்பொழுது கெட்டிருக்காது.

அங்கியின் பயன் என்ன என்பது தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும். அது குளித்த உடம்பின் ஈரத்தை உறிஞ்சவும், நீச்சல் உடை மேல் போர்த்திக்கொண்டு போய்வரவும் தைக்கப்பட்டது. தோட்டத்து லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், பொதுக் குழாயடிக்குப் போகும்போது ஆண்கள் கைலியும் தோளில் துண்டுமாகப் போவார்கள். பெண்கள் சாரோங்கை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு, தோளைத் துண்டால் மூடிக்கொண்டு போவார்கள். குழாயடிக்கும் வீட்டுக்கும் இடையே அந்தக் கோலத்தை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் அதே கோலத்தில் மாரியம்மன் கோயிலுக்கோ சம்பள நாளில் கிராணியின், அதாவது தோட்ட எழுத்தரின், மேசைக்கோ போயிருக்க மாட்டார்கள். கப்பலிலும் அறை, நீச்சல் குளம், ஸ்பா, இவற்றுக்கு இடைப்பட்ட வழி ஆகியவை குழாயடியைச் சேர்ந்தவை. உணவுக்கூடம், அரங்கம், கடைகள், வரவேற்பு முகப்பு, மதுக்கூடம், சூதாட்டக் கூடம் எல்லாம் கோயிலையும் கிராணியின் மேசையையும் போல உடுத்திக்கொண்டு போக வேண்டிய இடங்கள்.

அறையிலிருந்து குளத்துக்கு அங்கியோடு நடப்பதைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஆயினும் அந்த வழி நாம் நினைப்பதைவிட நீளமானது. நம் வட்டாரத்தில் பலரும் ஏறியிருக்கும் கெந்திங் டிரீம் கப்பலின் நீளம் ஏறத்தாழ 335 மீட்டர். கப்பலின் ஒரு முனையில் அறை கிடைத்தவர்கள், எத்தனையோ அறைக் கதவுகளைக் கடந்து, மின்தூக்கியில் மேல் தளத்துக்கு ஏறித்தான் குளத்தை அடைய வேண்டும். நடுப்பகுதி மின்தூக்கிகள் பல கப்பல்களில் முகப்புக்கூடத்தை ஒட்டியே இருப்பதால், குளிக்கப் போகும்போதும் வரும்போதும் முன்பக்கத்து அல்லது பின்பக்கத்து மின்தூக்கியைப் பயன்படுத்துவது நல்லது. அறைக்குள் நுழைந்ததும் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தள வரைபடத்தைப் பார்த்து, குளத்துக்குப் போகும் குறுக்கு வழியைப் பெற்றோருக்கு ஒருமுறை நடந்தே காட்டிவிடுங்கள்.

அங்கிக்குள் நீச்சல் உடையோ, முழங்கால்வரை வரும் காற்சட்டையும் பனியனுமோ கட்டாயம் இருக்க வேண்டும். கப்பல் 20 நாட், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, காற்றே இல்லாத நாளிலும் திறந்த தளத்தில் நிற்பவர் மீது அந்த வேகத்தில் காற்று அடிக்கும். அங்கிக்குப் பொத்தான் கிடையாது. கச்சை ஒன்றுதான் அதைப் பிடித்து நிற்கிறது. கச்சையை ஒற்றை முடிச்சாகப் போட்டால் பருத்தித் துணியின் கனத்தாலேயே பத்தடிக்குள் நெகிழ்ந்துவிடும். வலப்புறத்தை உள்ளேயும் இடப்புறத்தை மேலேயுமாக நன்றாக மடித்து, கச்சையை இரண்டு முடிச்சாகப் போட்டு, நாற்காலியில் அமரும்போது முன்மடிப்பைத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்ள வேண்டும். அறை அட்டையை அங்கியின் பையில் போட்டால், அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கும்போது அது தொலையும். கழுத்தில் மாட்டும் கயிற்றில் கோத்துக்கொள்வதே பாதுகாப்பு.

காலுக்கும் ஒரு சொல். அறையில் வைத்திருக்கும் மெல்லிய வெள்ளைத் துணிச் செருப்பு கம்பளத்துக்கு ஏற்றது. ஈரத் தரையில் அது வழுக்கும். நாம் ஜப்பான் சிலிப்பர் என்று சொல்லும் ரப்பர் செருப்பை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

திரும்பி வரும்போதுதான் பலர் தவறுகிறார்கள். குளித்து முடித்தவுடன் பசிக்கும், உணவுக்கூடமும் அதே தளத்தில் இருக்கும், பிள்ளைகளும் அவசரப்படுத்துவார்கள். குளக்கரையிலேயே திறந்த வெளியில் பொரியலும் ரொட்டியும் கொடுக்கும் கடை இருந்தால், துவட்டிக்கொண்டு அங்கியோடு அங்கே சாப்பிடலாம். கண்ணாடிக் கதவைத் திறந்து குளிரூட்டிய பஃபேக்குள் போவதென்றால் அங்கி கூடாது. நாற்காலித் துணியில் ஈரம் இறங்கும், அடுத்து அமர்பவர் அதில்தான் உட்கார வேண்டும். உணவுப் பாத்திரங்களின் மேல் குனிந்து எடுக்கும்போது அகன்ற கைகள் குழம்பில் தோயும். பரிமாறும் மேசைகள் கொண்ட பெரிய உணவுக்கூடத்தில் எந்த வேளையிலும் அங்கிக்கு இடமில்லை. ஆகவே குளத்துக்குப் போகும்போதே ஒரு துணிப்பையில் உலர்ந்த உடையை எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள கழிப்பறையிலோ உடை மாற்றும் அறையிலோ மாற்றிக்கொண்டு சாப்பிடப் போகலாம். பெண்களுக்கு நம் ஊர் இரவுச் சந்தையில் விற்கும் காஃப்தானைவிட வசதியான உடை இதற்கு இல்லை: தலைவழியாகப் போட்டால் கணுக்கால்வரை மறைக்கும், சட்டென்று உலரும், பஃபேயில் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆண்களுக்கு அரைக்கைச் சட்டையும் முழங்கால்வரை காற்சட்டையும் போதும். கைலிக்கும் அங்கிக்குச் சொன்ன விதியே பொருந்தும். அறைக்குள்ளும் அறையின் மாடத்திலும் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம்.

நீச்சல் உடையில் பிறர் முன் நடக்கக் கூச்சப்படும் நம் பெண்களுக்கு இந்த அங்கி பெரிய துணை என்பதையும் சொல்ல வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைகூடக் குளத்தில் இறங்காத என் அத்தை, அங்கியைப் போர்த்திக்கொண்டு தண்ணீரின் விளிம்புவரை போய், படியில் உட்கார்ந்தபடியே அதைக் கழற்றி என் மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் நழுவினார். வெளியே வரும்போது என் மனைவி அங்கியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கியை அணியாதீர்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இப்படிப்பட்டவர்கள் அறையிலேயே இருந்துவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புவது என்பதைத்தான்.

வயதானவர்கள் சிலர் குளிர் தாங்காமல் அங்கியை அணிகிறார்கள். கப்பலின் அரங்கத்திலும் நடைபாதையிலும் குளிர்சாதனம் கடுமையாக இருக்கும். தோட்டத்து வெயிலில் வளர்ந்த உடம்பு அதற்குப் பழகாது. அவர்களிடம் அங்கியைக் கழற்றச் சொல்லுமுன் கையில் ஒரு சால்வையையோ கம்பளிச் சட்டையையோ கொடுங்கள். கேமரன் மலைக்குப் போகும்போது எடுத்துப்போகும் அதே துணிகளைப் பெட்டியில் வைத்தால் போதும்.

புறப்படும் நாளன்று நடக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கு அங்கியில் போகவே கூடாது. 1912இல் டைட்டானிக் மூழ்கிய பின், கடலில் உயிர்காப்பதற்கான சோலாஸ் உடன்படிக்கை 1914இல் உருவானது. 2012இல் கோஸ்டா கொன்கோர்டியா இத்தாலியக் கரையில் கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதனால்தான் கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்ற விதி 2015 முதல் நடப்புக்கு வந்தது. தோட்டத்துப் பெரியவர்களிடம் இது கப்பலின் பெரட்டு என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். பெயரைப் பதியும் இடத்துக்கு எப்படி உடுத்தி வர வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பயிற்சி வேளையில் அல்லாமல் ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் உண்மையான ஆபத்து என்று கொள்ள வேண்டும். அப்போது உடம்பைக் கதகதப்பாக வைக்கும் உடையும் மூடிய காலணியும் உயிர்காப்பு அங்கியும் தேவை. தொங்கும் கச்சை படிக்கட்டில் காலைத் தடுக்கும் என்பதால், இரவில் படுக்கும்போதே காற்சட்டையையும் காலணியையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

ஸ்பாவில் அவர்களே ஓர் அங்கி தருவார்கள். அதை அங்கேயே அணிந்து அங்கேயே விட்டுவர வேண்டும். எல்லா அறைகளிலும் அங்கி இருக்காது. இல்லையென்றால் அறைப் பணியாளரைக் கேட்டுப் பார்க்கலாம். அதை வீட்டுக்கு எடுத்து வந்தால் விலையைக் கணக்கில் எழுதிவிடுவார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உடை விதிகள் கப்பலுக்குக் கப்பல் சற்று மாறும் என்பதால், மாலைதோறும் அறைக்கு வரும் நிகழ்ச்சித் தாளையோ கைப்பேசிச் செயலியையோ பார்ப்பது வழக்கமாகட்டும்.

வேறொரு பயணி அங்கியோடு உணவுக்கூடத்துக்கு வந்தால் அவரைத் திருத்துவது நம் வேலை இல்லை. ஜப்பானில் வெந்நீர் ஊற்று விடுதிகளில் தங்குபவர்கள் விடுதி கொடுக்கும் யுகாத்தா என்ற மெல்லிய பருத்தி அங்கியை அணிந்தே இரவு உணவுக்குப் போவார்கள். அங்கே அதுதான் முறை. வந்தவர் எந்தப் பழக்கத்தில் வந்தார் என்று நமக்குத் தெரியாது, சொல்ல வேண்டியதைப் பணியாளர்கள் சொல்லிக்கொள்வார்கள். நம் குடும்பத்துப் பெரியவரிடம் மட்டும், ஆள் நடமாட்டம் வருமுன், அறைக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்.

கடைசி இரவில் ஒரு கவனம் தேவை. பெரிய பெட்டிகளை அன்றிரவே அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள்; அவற்றைக் கப்பல்காரர்கள் எடுத்துச் சென்று மறுநாள் துறைமுக முனையத்தில்தான் கொடுப்பார்கள். ஆர்வத்தில் எல்லா உடையையும் மடித்துப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு, விடிந்ததும் உடுத்த ஒன்றுமின்றி அங்கியோடு நிற்கும் நிலை பலருக்கு வந்திருக்கிறது. பெட்டியைப் பூட்டுமுன் ஒவ்வொருவரின் சட்டை, காற்சட்டை அல்லது சேலை, உள்ளாடை, காலணி ஆகியவற்றை நாற்காலியில் தனியே எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகே பெட்டியை வாசலுக்கு நகர்த்துங்கள்.