கதைக்கு ஒரு நார்மன் பிரபுவை உருவாக்குவது எப்படி?

படையெடுத்து வரும் அரசனுக்குத் துணைநின்று செல்வாக்குப் பெறும் பிரபு ஒருவனை என் தொடர்கதைக்காகக் கற்பனை செய்தபோது, மூன்று முறை அழித்து எழுத நேர்ந்தது. கதைக்களம், 1066-இல் நார்மண்டியின் (பிரான்சின் வடபகுதி) வில்லியம் கைப்பற்றிய இங்கிலாந்து. அவன் ஆங்கிலேய மன்னன் ஹெரால்டை வென்ற ஹேஸ்டிங்ஸ் போர் பற்றி நீங்கள் அறிந்திருப்பீர்கள் என்பதால் நேரே வேலைக்கு வருகிறேன்.

முதற்படி, அவனைப் போர்க்களத்தில் நிறுத்துவது. இது எளிது. வில்லியமுடன் போரிட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர் எனினும், சான்றுகளால் பெயர் உறுதிப்பட்டவர்கள் ஏறத்தாழ 20 பேர்தாம். ஆகவே என் கற்பனைப் பிரபு ராபர்ட்டை அந்த அணிவகுப்பில் சேர்ப்பதால் வரலாறு கெடாது.

இரண்டாவது படி நிலம். நான் சறுக்கியது இங்கேதான். நடுவில் ஒரு கோட்டையோடு முழு மாவட்டத்தையே ராபர்ட்டுக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் வில்லியம் பல இடங்களில், மாண்டுபோன அல்லது உரிமையிழந்த ஓர் ஆங்கிலேயனின் சொத்துகளை அப்படியே ஒரு நார்மானியனுக்கு மாற்றிக் கொடுத்தான். அந்தச் சொத்துகளோ பல மாவட்டங்களில் சிதறிக் கிடந்தவை. எனவே முதலில் அந்த ஆங்கிலேயனைப் படைத்துவிட்டு, அவனுடைய ஊர்களை ராபர்ட்டின் பெயருக்கு மாற்றுங்கள். ஒரே பரப்பாக நிலம் வேண்டுமென்றால் செஸ்டர், ஷ்ரூஸ்பரி போன்ற வேல்ஸ் எல்லைப் பகுதிகளுக்குப் போகலாம். ஆனால் அங்கே அமர்த்தப்பட்டவர்கள் மன்னனுக்கு மிக நெருக்கமானவர்கள்.

ஒவ்வோர் ஊரையும் யாரிடம் எவ்வளவு நிலம், அதன் மதிப்பு என்ன என்று அறிய வில்லியம் 1086-இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பின் பாணியில் எழுதிப் பாருங்கள். என் குறிப்பேட்டிலிருந்து ஒன்று: “எட்வர்ட் மன்னர் காலத்தில் ஆல்ஃப்ரிக் வைத்திருந்தான், இப்போது ராபர்ட் வைத்திருக்கிறான். ஆறு ஏர்களுக்கு நிலம். ஆலை ஒன்று. அன்றைய மதிப்பு 100 ஷில்லிங், இன்று 60.” எட்வர்ட் மன்னர் காலம் என்றால் படையெடுப்புக்கு முந்தைய காலம். அந்த 60-ஐ எழுதிய பிறகுதான், ஊர் ஏன் தேய்ந்தது, ஆல்ஃப்ரிக்கின் மனைவி இப்போது யார் வீட்டில் இருக்கிறாள் என்ற கேள்விகள் எழுந்து கதை நகர்ந்தது. இதற்குப் பாத்திரப் படைப்புச் செயலிகள் எவையும் வேண்டாம், அவை கண்ணின் நிறத்தைக் கேட்டே பொழுதைப் போக்கும். எக்செல் அட்டவணையில் ஐந்து பத்திகள் போதும்.

மூன்றாவது படி, அவன் செலுத்தும் விலை. நிலத்துக்கு ஈடாக அவன் குதிரைவீரர்களை அனுப்பியாக வேண்டும். 1075-இல் ஹெரிஃபோர்டின் பிரபு ரோஜர் வில்லியமுக்கு எதிராகக் கலகம் செய்து நிலமிழந்து சிறைப்பட்டான். அவனுடைய தந்தை வில்லியமின் உயிர்த்தோழர். அந்த ஆண்டு உங்கள் பிரபு யார் பக்கம் நின்றான் என்பதை இப்போதே முடிவுசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் அவனுடைய இரண்டாம் கட்ட வளர்ச்சி அதில்தான் இருக்கிறது.

பின்சேர்க்கை: ராபர்ட்டை ‘டியூக்’ என்று அழைத்திருந்ததை வாசகர் ஒருவர் பின்னூட்டத்தில் சுட்டிக்காட்டினார். அது நார்மண்டியில் வில்லியமுக்கே உரிய பட்டம். இங்கிலாந்தில் முதல் டியூக் 1337-இல்தான் வருகிறார். திருத்திவிட்டேன், எங்கேனும் விடுபட்டிருந்தால் தெரிவியுங்கள்.