பெயின்ட் வாளியைத் திறக்குமுன்

பிரதேச சபை, நகர சபை என்று இருபத்தெட்டு வருடம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக ஓடிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். வீடு ஹட்டனுக்குப் பக்கத்தில். மாதத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது ஒரு இளைஞர் கழகமோ வர்த்தகர் சங்கமோ வாசலில் வந்து நிற்கும். "ஐயா, நம்ம டவுனை அழகாக்க ஒரு திட்டம் எழுதித் தாங்க" என்பார்கள். போனில் ஏதாவது ஓர் ஊரின் படம் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் நுவரெலியா. ஒருமுறை சிங்கப்பூர்.

எழுதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். எப்படி எழுதுவது என்று மட்டும் சொல்லித் தருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றியதால்தான் இந்தக் கட்டுரை.

நுவரெலியா கதையை முதலில் முடித்துவிடலாம். ஆளுநர் கிரகெரி காலத்தில், 1873இல், அங்கே வாவி அமைத்தார்கள். பூங்கா, குதிரைப் பந்தயத் திடல் எல்லாம் துரைமார் இளைப்பாறப் போட்ட கணக்கு. சமதரையும் கிடைத்தது. ஹட்டன், தலவாக்கலை போன்ற நம் டவுன்கள் அப்படிப் பிறந்தவை அல்ல. தேயிலைப் பெட்டியை ஏற்ற ஒரு ஸ்டேஷன், ஸ்டேஷனைச் சுற்றிக் கடை, கடைக்கு முன்னால் ரோடு, ரோட்டுக்குக் கீழே பள்ளம். அங்கே எடுத்த படம் இங்கே ஒட்டாது.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு சீ.ஆர். கொப்பி (கெட்டி மட்டை போட்ட நோட்டுப் புத்தகம்), இரண்டு பேனை, ஒரு குடை. தொடங்க இவ்வளவு போதும். தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி வாக்கில் கிடைக்கும். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையைத் தெரிவு செய்யுங்கள். அன்றுதான் டவுனுக்கு அதன் முழு உருவம் வரும். இன்னொரு நாள், வாரத்தின் நடுவில் ஒரு சாதாரண நாள். இரண்டு நாளும் பஸ் ஸ்டாண்ட், ஸ்டேஷன் வாசல், மரக்கறிக் கடை முனை என்று மூன்று இடங்களில் ஆள் நிற்க வேண்டும். காலை ஐந்தரை, பத்து மணி, பள்ளிக்கூடம் விடும் ஒன்றரை, மாலை ஐந்து. ஒவ்வொரு தடவையும் பதினைந்து நிமிடம். நடந்து போகிறவர்கள் எத்தனை பேர், நிற்கிறவர்கள் எத்தனை பேர், நிலத்தில் கடை விரித்தவர்கள் எத்தனை பேர், என்ன விற்கிறார்கள் என்று கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வாருங்கள்.

மழை பெய்தால் வீட்டுக்கு ஓடாதீர்கள். எண்ணுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. மழையில் சனம் எங்கே போய் ஒதுங்குகிறது என்று பாருங்கள். எந்தக் கடையின் தகரத்துக்குக் கீழே, எந்தப் பக்கத்தில். பஸ் தரிப்பிடக் கூரை எங்கே வர வேண்டும் என்பதை நீங்களும் நானும் தீர்மானிக்க வேண்டியதில்லை, அவர்கள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார்கள்.

அடுத்தது வரைபடம். பெரிய தாளில் டவுனின் பிரதான வீதியைக் கையாலேயே வரையுங்கள், கோணல் மாணலாக இருந்தால் பரவாயில்லை. அதில் முதலில் குறிக்க வேண்டியது பூச்சாடி வைக்கும் இடத்தை அல்ல, நிலம் யாருடையது என்பதை. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போகிற ஏ7 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. ஸ்டேஷன் காணி ரயில்வே திணைக்களத்துடையது. உள்வீதிகள் சபையுடையவை. மேலே தெரிகிற தேயிலைச் சரிவு தோட்டக் கம்பனியின் கையில். ஒரே ஒரு வாங்கு போடுவதற்குக்கூட நாலு கந்தோர் ஏறவேண்டி வருவது இதனால்தான். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறம் தீட்டுங்கள். சபைக்குச் சொந்தமான துண்டில்தான் முதல் வருட வேலை. மற்றதெல்லாம் கடிதப் போக்குவரத்து.

இனி தண்ணீர். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் நான் அடிபட்டேன்.

நான் வேலை செய்த ஒரு சபையில், பெயர் வேண்டாம், தீபாவளிக்கு முன்னால் கடைத்தெருவில் பூத்தொட்டி வைக்க முடிவானது. பதினான்கு சீமெந்துத் தொட்டிகள், ஒவ்வொன்றையும் தூக்க நாலு பேர் வேண்டும். வைக்க இடம் இல்லாததால் கான் (வீதியோர வடிகால்) மூடியின் மேலேயே வரிசையாக வைத்தோம். மதிப்பீட்டில் என் கையெழுத்தும் இருக்கிறது. தீபாவளிக்குப் படம் எடுத்தார்கள், பத்திரிகையிலும் வந்தது. அடுத்த ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தது. வீதித் தண்ணீர் கானுக்குள் இறங்குகிற வாய் அத்தனையையும் தொட்டிகள் மறைத்திருந்தன. மூடியைத் திறந்து துப்புரவு செய்யவும் வழியில்லை, ஏழு மாதமாக யாரும் திறக்கவில்லை. தண்ணீர் புடைவைக் கடைக்குள் போய்க் கீழ்த் தட்டில் இருந்த பள்ளிச் சீருடைத் துணியை எல்லாம் நனைத்தது. மழை விட்டதும் ஆறு பேர் சேர்ந்து ஒரு தொட்டியை நகர்த்தி மூடியைக் கிளப்பினோம். உள்ளே சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன், வெற்றிலைக் காம்பு, ஒரு செருப்பு, கறுத்த சேறு. தொட்டியில் செவ்வந்தி மட்டும் ஒரு குறையும் இல்லாமல் பூத்திருந்தது. கடைக்காரர் என்னைத் திட்டவில்லை. நனைந்த துணியை என் முன்னால் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். திட்டியிருக்கலாம்.

ஆகவே ஒரு நல்ல மழையில் கானோடு கூடவே நடங்கள். தண்ணீர் எங்கே இறங்குகிறது, எங்கே மேலே ஏறி ஓடுகிறது, எந்த மதகு வழியாகப் பள்ளத்துக்குப் போகிறது என்று சிவப்புப் பேனையால் குறியுங்கள். சிவப்புக் கோட்டின் மேல் எதையும் வைக்காதீர்கள்.

சரிவுப் பக்கம் மண்ணை வெட்டி வாகனத் தரிப்பிடமோ பார்வை மேடையோ அமைக்கும் யோசனை இருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாயம் பற்றிய அறிக்கை வாங்காமல் ஒரு கூடை மண்ணைக்கூடத் தொடாதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்துபோன பிறகு இதை மலையகத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தாங்குசுவர் கட்டினால் தண்ணீர் வடியத் துளைகள் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பெயின்ட் அடிக்க வருகிறவர் அழகுக்காக அந்தத் துளைகளைப் பூசி அடைத்துவிடுவார், அனுபவத்தில் சொல்கிறேன். சின்னச் சரிவுக்கு வெட்டிவேர் நட்டால் போதும், வேர் ஆழமாகப் பிடிக்கும்.

நடைபாதை வியாபாரிகளைப் பற்றி எல்லோரும் கேட்கிற கேள்வி: "இவங்களை எங்க ஐயா அனுப்புறது?" ஏன் அனுப்ப வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன எங்கள் சித்தி கோத்தகிரியில் குடியேறினார். அவர் மகன் இப்போது கோயம்புத்தூரில். போய் இரண்டு வாரம் தங்கினேன். 2015இல் இந்திய அரசு தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நூறு நகரங்களைத் தெரிவு செய்தார்கள், கோவை முதல் சுற்றிலேயே வந்தது. ரேஸ்கோர்ஸ் நடைபாதை, உக்கடம் பெரியகுளக் கரை எல்லாம் பார்த்தேன். கல் பதித்த விதம், விளக்கு, உட்காரும் இடம் எல்லாவற்றையும் டேப்பால் அளந்துகொண்டே நடந்ததில் தம்பிக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனால் அவன் இன்னொன்றும் சொன்னான். "குளக்கரையில குடியிருந்தவங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிட்டாங்கண்ணே. வேலை மட்டும் இங்கேயே இருக்கு." அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

அங்கே எனக்குப் பிடித்தது கல்லைவிட ஒரு சட்டம். தெருவோர வியாபாரிகளுக்காக 2014இல் கொண்டுவந்தது. முதலில் கணக்கெடுக்க வேண்டும், சான்றிதழ் கொடுக்க வேண்டும், அது முடியும்வரை யாரையும் எழுப்பக்கூடாது. இடத்தை முடிவு செய்கிற குழுவில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். நடைமுறையில் எல்லா ஊரிலும் இப்படியே நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சட்டம் இலங்கையில் நம்மைக் கட்டவும் கட்டாது. ஆனால் அதன் வரிசையைக் கடன் வாங்குவதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. உங்கள் சீ.ஆர். கொப்பியில் இருக்கிற கோடுகள்தான் அந்தக் கணக்கெடுப்பு. கீரை விற்கிற அம்மாவை மாடிக்கு ஏற்றாதீர்கள். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கண்ணில் பட்டால்தான் அவருக்கு வியாபாரம். ஒரே அளவில் கூரை, மழைத்தண்ணீர் படாத உயரத்தில் ஒரு கொங்கிரீட் திண்ணை, பின்னால் நடக்க வழி. அழகும் வந்துவிடும், அவரும் இருப்பார்.

பொருளாதாரம் என்றதும் எல்லோரும் வெள்ளைக்காரப் பயணிகளைத்தான் எழுதுகிறார்கள். கண்டியிலிருந்து எல்ல போகிற ரயிலில் அவர்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு நம் டவுனைக் கடந்து போகிறார்கள், உண்மை. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைச் சீசனில் இறங்குகிறவர்களும் உண்டு. ஆனால் வருடம் முழுவதும் டவுனுக்குச் சோறு போடுவது தோட்டத்துச் சனம். என் அக்கா கொழுந்து பறித்தவர். சம்பளம் எடுத்து டவுனுக்கு வருகிற நாளில் காலையில் ஒரு மிடறு தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார். குடித்தால் எங்கே போவது? வந்த வேகத்தில் அரிசி, மா, பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். துணிக்கடையில் நின்று பார்த்து வாங்கும் நேரம், ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடும் நேரம், எல்லாம் அந்த ஒன்றினால் போனது. பெண்களுக்குச் சுத்தமான, தண்ணீர் வருகிற, உள்ளே கொக்கி உள்ள கழிப்பறைதான் டவுனின் முதல் முதலீடு. உங்கள் திட்டத்தில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அதற்கே போடுங்கள். சாவி யாரிடம், கட்டணம் எவ்வளவு, கழுவுகிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதை எழுதாமல் கட்டியவை பூட்டிக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பெயர்ப்பலகைகள் மூன்று மொழியிலும் வேண்டும், அது தெரிந்ததுதான். அச்சுக்குப் போகுமுன் தமிழைத் தமிழ் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும், அதுதான் நடப்பதில்லை. "கழிப்பாறை" என்று எழுதிய பலகை ஒன்று மூன்று வருடம் தொங்கியதை அறிவேன். அந்தப் பாறையைத் தேடி எத்தனை பேர் அலைந்தார்களோ.

மரம் நடுவதில் ஒரே எச்சரிக்கை: சீக்கிரம் வளரும் என்று டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரத்தை மின்கம்பிக்குக் கீழே வைக்காதீர்கள். ஹைட்ரேஞ்சியா நம் குளிருக்கு நன்றாக வரும். ஏப்ரல் மழையோடு நடுங்கள்.

எழுதி முடித்த திட்டம் நாலு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கணக்கெடுப்பு ஒரு பக்கம், வரைபடம் ஒரு பக்கம், மதிப்பீடு ஒரு பக்கம். நாலாவது பக்கம் மூன்று வருடப் பராமரிப்புச் செலவு. அது இல்லாத திட்டத்தை நான் இருந்த காலத்தில் அடியில் போட்டுவிடுவேன். சபையின் வரவு செலவுத் திட்டம் டிசம்பருக்குள் நிறைவேறும், அதனால் ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள். நவம்பரில் கொண்டுபோனால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் திட்டத்துக்கு என்ன நடந்தது என்று தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும்.

எதைக் கொடுத்தாலும் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். பன்னிரண்டரைக்கு முன்னால் போங்கள், அதற்குப் பிறகு முத்திரை மேசை லாச்சிக்குள் இருக்கும், லாச்சிச் சாவி கிளார்க்கோடு சாப்பாட்டுக்குப் போயிருக்கும்.