பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கும் காலத்தை இதமாகக் கடப்பது எப்படி?

பல்லுக்குக் கம்பி கட்டும்போது பெரும்பாலோருக்கு வலி இருப்பதில்லை. பல்லின் மேல் பசை தடவி, பிராக்கெட் என்னும் சிறு துண்டுகளை ஒட்டி, அவற்றின் குறுக்கே வயரைச் செலுத்தி, ஒவ்வொன்றையும் ஒரு சின்ன ரப்பர் வளையத்தால் கட்டி முடிக்கும்வரை நாம் உணர்வதெல்லாம் நெடுநேரம் வாயைத் திறந்து வைத்திருக்கும் அலுப்புத்தான். வலி சில மணி நேரம் கழித்தே தொடங்கும். ஏறத்தாழ ஒரு நாள் கழிந்தபின் உச்சத்துக்குப் போகும். மூன்று முதல் ஏழு நாட்களுக்குள் தணிந்துவிடும். எனக்குக் கம்பி கட்டிய மறுநாள் காலையில், ரொட்டித் துண்டின் மென்மையான நடுப்பகுதியைக்கூடக் கடிக்க முடியாமல், பற்கள் அத்தனையும் கழன்றுவிடுமோ என்ற பயத்தோடு கண்ணாடி முன் நின்றேன். இந்த நாள்கணக்கை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பயத்தில் பாதி இருந்திருக்காது. ஆகவேதான் வேறு எதையும்விட இதை முதலில் எழுதுகிறேன்.

கம்பி கட்டிய வாயில் வரும் தொல்லைகள் எல்லாவற்றையும் 'வலி' என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுவது வழக்கம். அப்படிச் சொல்வதால்தான் ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குத் தேடுகிறோம். பல் நகர்வதால் வரும் வலி ஒன்று. உலோகம் உரசுவதால் கன்னத்திலும் உதட்டிலும் வரும் புண் வேறொன்று. முன்னதற்கு, உறுத்தும் பிராக்கெட்டின் மேல் ஒட்டும் மெழுகு உதவாது. பின்னதற்கு மாத்திரை நெடுநேரம் தாங்காது. இவை இரண்டையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டிய மூன்றாவது ஒன்றும் உண்டு. பிராக்கெட்டைச் சுற்றி அழுக்குப் படிந்து எனாமல் என்னும் பல்லின் கடினமான மேல்படலம் கரைவதுதான் அது. அது தொடங்கும்போது வலிப்பதே இல்லை என்பதால், நாமே தேடிப் பார்த்துத்தான் தடுக்க வேண்டும்.

பல் வலிக்கும் நாட்கள்

பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு நார்ப்படலம் இருக்கிறது. வயர் பல்லை ஒரு பக்கமாகத் தள்ளும்போது அந்தப் பக்கத்து நார்கள் நசுங்கி, அதையடுத்த எலும்பு மெல்லக் கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபட்டு, அங்கே புதிய எலும்பு உருவாகிறது. பல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம். நசுங்கிய நார்களில் உண்டாகும் அழற்சியையே நாம் வலியாக உணர்கிறோம். பற்கள் லேசாக ஆடுவதும் இந்த மாற்றத்தால்தான். எனவே விழுந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

முதல் சில நாட்களில் குளிர்ந்த நீர் நன்றாகக் கைகொடுக்கும். அது அழற்சியைத் தணிக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, வயருக்குள்ளேயே இன்னொரு காரணமும் இருக்கிறது. சிகிச்சையின் தொடக்கத்தில் பெரும்பாலும் போடப்படுவது நிக்கலும் டைட்டானியமும் கலந்த வயர். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் உருவாகி, அந்த ஆய்வகத்தின் முதலெழுத்துகளையே தன் பெயரில் சுமந்து 'நிட்டினால்' என்று வழங்கும் இந்த உலோகம், 1970-களில் பல் சீரமைப்புக்கு வந்து சேர்ந்தது. வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் இதன் வகைகளில் சில, உடல் சூட்டில் விறைப்பாகவும் குளிரில் தளர்வாகவும் இருக்கும். அத்தகைய வயர் உங்கள் வாயில் இருந்தால், குளிர்ந்த நீரைச் சற்று நேரம் வாயில் வைத்திருக்கும்போது அதன் இழுவையே கொஞ்சம் குறையும். பனிக்கட்டியை மட்டும் கடித்துவிடாதீர்கள்.

மாத்திரை தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதும். உறையில் எழுதியிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். இபுப்ரூஃபன் போன்றவை வலியைக் குறைத்தாலும், பல் நகர்வதற்குத் துணைபுரியும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரப்பதையும் அவை தடுக்கின்றன. ஓரிரு வேளை எடுத்துக்கொள்வதால் கெடுதல் இல்லை. நாள்கணக்கில் தொடர்வதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடருங்கள். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் தரக் கூடாது.

நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை கம்பியைச் சரிசெய்ய மருத்துவரிடம் போகும்போதெல்லாம் இந்த வலி சிறிய அளவில் திரும்பி வரும். அதை எதிர்பார்த்தே திட்டமிடலாம். மறுநாள் ஓய்வு கிடைக்கும்படி நாளைத் தேர்ந்தெடுத்து, மெல்லாமல் விழுங்கக்கூடிய உணவை வீட்டில் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டு போனால், வலிக்கிற வாயோடு அடுப்படியில் நிற்க வேண்டியிருக்காது.

கன்னத்துப் புண்ணும் மெழுகும்

கன்னத்தின் உட்தோல் உலோகத்துக்குப் பழகுவதற்கு ஓரிரு வாரங்கள் ஆகும். அதுவரை மெழுகே துணை. மெழுகு நிற்கவே மாட்டேன் என்கிறது என்று பலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் காரணம் எச்சில் ஈரம்தான். முதலில் கையைக் கழுவிக்கொண்டு, பல்லைத் துலக்கி, உறுத்தும் பிராக்கெட் எது என்று நாக்கு நுனியால் தடவிக் கண்டுபிடியுங்கள். உதட்டை ஒரு விரலால் விலக்கிப் பிடித்து, சுத்தமான பஞ்சையோ மெல்லிய துணியையோ அந்தப் பிராக்கெட்டின் மேல் சில நொடிகள் ஒற்றி ஈரத்தைப் போக்குங்கள். பிறகு ஒரு பட்டாணி அளவு மெழுகைக் கிள்ளி, விரல் சூட்டில் இளகும்வரை உருட்டி, பிராக்கெட்டின் நேர் மேலே வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெழுகு அதன் விளிம்புகளைச் சுற்றிப் படிந்து சிறு மேடாக நிற்க வேண்டும். மேலே தட்டையாக ஒட்டியிருந்தால் அடுத்த நிமிடமே உதிர்ந்துவிடும். சாப்பிடுவதற்கு முன் எடுத்துவிட்டுப் பின்னர் புதிதாக வையுங்கள். தெரியாமல் சிறிது விழுங்கிவிட்டாலும் தீங்கில்லை.

ஏற்கெனவே புண்ணாகிவிட்ட இடத்துக்கு, ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நாளைக்கு மூன்று நான்கு முறை அரை நிமிடம் வாயில் வைத்துக் கொப்பளிப்பதே எளிய மருந்து. அடிக்கடி வாய்ப்புண் வருபவர்கள், சோடியம் லாரில் சல்பேட் என்ற நுரைப்பொருள் இல்லாத பற்பசைக்கு மாறிப் பார்க்கலாம். சிலருக்கு அதனால் புண் குறைகிறது.

சில வாரங்கள் சுகமாக இருந்தபின் திடீரென்று கடைவாய்ப் பக்கம் ஊசி குத்துவதுபோல் இருந்தால், பற்கள் வரிசைப்பட்டு நெருங்கியதில் வயர் மிஞ்சி, அதன் நுனி பின்பக்கமாக நீண்டிருக்கிறது என்று பொருள். பல் நகர்ந்திருக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது என்றாலும் கன்னத்துக்கு அது தெரியாது. பென்சிலின் ரப்பர் முனையை நன்றாகக் கழுவி, அதைக் கொண்டு வயரின் நுனியைப் பல்லை நோக்கி மெல்ல வளைத்துவிட்டு, மேலே மெழுகு வைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். வீட்டில் வெட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெட்டுப்பட்ட துண்டு தொண்டைக்குள் போய்விடலாம்.

பிராக்கெட் ஒன்று பசை விட்டு வயரில் அங்குமிங்கும் வழுக்கினால், அதைப் பிடுங்காமல் அப்படியே விட்டு மெழுகால் நிறுத்திவைத்து, மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சும்மா இருந்தால், அந்தப் பல் மட்டும் அத்தனை வாரங்களும் பின்தங்கிவிடும். சிறு துண்டு ஏதேனும் வயிற்றுக்குள் போய்விட்டால் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும் என்றாலும், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் விழுங்கியபின் இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் ஒரு கணமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

சாப்பாடு

எதைச் சாப்பிடக் கூடாது என்ற பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, பிராக்கெட் எப்படிப் பெயர்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கடினமான பொருளை முன்பற்களால் கடித்துப் பிய்க்கும்போது அது பிராக்கெட்டைப் பக்கவாட்டில் நெம்புகிறது; ஒட்டும் மிட்டாய் இழுத்துப் பெயர்க்கிறது. ஆகவே ஆப்பிளையும் கேரட்டையும் விட்டுவிட வேண்டியதில்லை. மெல்லிய துண்டுகளாக அரிந்து கடைவாயில் வைத்து மென்றால் போதும். கொட்டைப் பருப்புகளைப் பொடித்துக்கொள்ளலாம். டாஃபி, சூயிங்கம், கடினமான மிட்டாய் ஆகியவற்றைச் சிகிச்சை முடியும்வரை விட்டுவிடுங்கள். பாப்கார்னைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: வேகாத மணி பிராக்கெட்டை உடைக்கிறது, மெல்லிய தோல் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே செருகிக்கொண்டு வீங்க வைக்கிறது. பேனா மூடியைக் கடிப்பதும் நகம் கடிப்பதும் உணவுக்கணக்கில் வராதவை என்பதால் எளிதில் மறந்துபோகின்றன. அவையும் பிராக்கெட்டைப் பெயர்க்கும்.

வலிக்காத ஆபத்து

கம்பியைக் கழற்றியதும் பற்கள் நேராக இருக்க, ஒவ்வொரு பல்லின் நடுவிலும் பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு வளையம் தெரிவதைச் சிலரிடம் பார்த்திருக்கிறேன். அது மனத்தை மிகவும் வருத்தும் காட்சி. தவிர்த்திருக்கக் கூடியது என்பதால் இன்னும் அதிகமாக வருத்தும். பல்லின் மேல் படியும் அழுக்கில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரத்துக்கு மேலாகலாம். துலக்காமல் விட்ட பல்லில் இந்த வெண்புள்ளி நான்கு வாரங்களுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிடக்கூடும். இனிப்புப் பானத்தை ஒரே வேளையில் குடித்து முடிப்பதைவிட, மணிக்கணக்கில் சிறிது சிறிதாக உறிஞ்சுவது பல்லுக்கு அதிகக் கெடுதல் என்பதும் இதனால்தான்.

எனவே துலக்குவதில் அவசரம் வேண்டாம். முதலில் வெறும் நீரால் வாயைப் பலமாகக் கொப்பளித்து, சிக்கியிருப்பதை வெளியேற்றுங்கள். மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 பாகை சாய்வாக வைத்துச் சிறு வட்டங்களாகத் துலக்குங்கள். அடுத்து, பிரஷ்ஷை மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்துப் பிராக்கெட்டின் மேல்விளிம்பையும், கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்துக் கீழ்விளிம்பையும் தேயுங்கள். ஒரு பல்லுக்கு இவ்வளவும் செய்தபின்தான் அடுத்த பல்லுக்குப் போக வேண்டும். வயருக்கு அடியில் பெரிய பிரஷ் நுழையாது. புட்டி கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவம்போல் இருக்கும் பல்லிடுக்குப் பிரஷ்ஷை அங்கே செருகி முன்னும் பின்னும் இழுங்கள். இரவில் ஒருமுறை, விறைப்பான முனை கொண்ட ஃபிளாஸ் நூலை வயருக்கு அடியில் கோத்துப் பல்லிடுக்குகளையும் சுத்தம் செய்யுங்கள். முடித்தபின் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பாருங்கள்: பிராக்கெட்டின் விளிம்புகள் கூர்மையாக, பளபளப்பாகத் தெரிந்தால் வேலை முடிந்தது; மங்கலாக, பஞ்சு படர்ந்ததுபோல் தெரிந்தால் அந்த இடத்தில் அழுக்கு இன்னும் இருக்கிறது.

பற்பசையில் ஃபுளோரைடு குறைந்தது 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1000 பங்கு) இருக்க வேண்டும். துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு, நீர் விட்டுக் கொப்பளிக்காமல் இருந்தால் ஃபுளோரைடு பல்லில் தங்கும். 0.05 சதவீத சோடியம் ஃபுளோரைடு உள்ள வாய்க்கழுவியை நாளைக்கு ஒருமுறை, துலக்கும் நேரத்தைத் தவிர்த்து வேறொரு வேளையில் பயன்படுத்துவது கூடுதல் பாதுகாப்பு; விழுங்கிவிடக்கூடிய சிறு பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம். துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்திவிடுகிறவர்கள் பலர். அழுக்குப் படிந்து வீங்கியிருப்பதால்தான் ஈறு கசிகிறது. மென்மையாக, ஆனால் முழுமையாகத் துலக்கினால் சில நாட்களில் அது அடங்கும். அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரப்பர் பேண்ட், விளையாட்டு, பேச்சு

மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் இடையே மாட்டும் ரப்பர் பேண்ட் கொடுக்கப்பட்டால், சாப்பிடும் நேரமும் துலக்கும் நேரமும் போக, வழக்கமாக நாளைக்கு 20 மணி நேரத்துக்கு மேல் அது வாயில் இருக்க வேண்டும். நாளுக்கு ஒருமுறையாவது புதியதை மாற்றுங்கள். பழையது இழுவை இழந்துவிடும். ஒரு நாள் மறந்துவிட்டதை ஈடுகட்ட மறுநாள் இரண்டாக மாட்டினால் விசை அளவு மீறி, பல்லுக்கும் வேருக்கும் கெடுதலாகும். மோதலுக்கு இடமுள்ள விளையாட்டுகளுக்குக் கம்பி கட்டியவர்களுக்கென்றே உள்ள பல் காப்பு கிடைக்கிறது. அதை அணியாமல் களம் இறங்க வேண்டாம். முதல் சில நாட்களில் பேச்சு சற்றுக் குழறினால், தனியாக உட்கார்ந்து சத்தமாக வாசித்தால் நாக்கு விரைவில் பழகிவிடும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைக் கம்பி கட்டும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கழற்றிய பிறகு

கம்பியைக் கழற்றிய நாளில் பற்கள் புதிய இடத்துக்கு வந்திருந்தாலும், ஈறில் உள்ள நார்கள் பழைய இடத்தை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அவற்றில் சில அடங்க ஓராண்டு வரை ஆகலாம். அதனால்தான் பற்களைப் புதிய இடத்திலேயே நிறுத்திவைக்கும் ரீடெய்னர் என்ற சாதனம் தரப்படுகிறது. எத்தனை மணி நேரம், எத்தனை காலம் என்பதை மருத்துவர் சொல்வார், அதைக் குறைத்துக்கொள்ள வேண்டாம். கழற்றி எடுக்கும் வகையாக இருந்தால், சாப்பிடும்போது அதற்குரிய பெட்டியில் வையுங்கள். காகிதத்தில் சுற்றித் தட்டோரம் வைத்தால் எச்சிலோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். கழுவும்போது குளிர்ந்த நீரையே பயன்படுத்துங்கள். வெந்நீரில் பிளாஸ்டிக் உருமாறிவிட்டால் மறுபடியும் அச்செடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டிவரும்.