எக்செல் அட்டவணையில் நெடுவரிசைகளை ஒரே பட்டனில் மறைக்க, காட்ட

பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலைத் திரையில் போடுகிறீர்கள். பெயருக்குப் பக்கத்திலேயே எல்லாப் பிள்ளைகளின் பிறந்த தேதி, முகவரி, கைபேசி எண் மூன்றும் தெரிகின்றன. இவை சி, டி, இ நெடுவரிசைகளில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் ‘வியூ’ தாவலில் ‘மேக்ரோஸ்’ போய் ‘ரெக்கார்ட் மேக்ரோ’ கொடுங்கள் (மேக்ரோ என்பது ஒரு வேலையைப் பதிவு செய்து மறுபடி ஓட்ட உதவும் சிறு நிரல்). சி முதல் இ வரை தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து ‘ஹைட்’ கொடுங்கள். அதே ‘மேக்ரோஸ்’ பட்டியலிலேயே பதிவை நிறுத்திவிடலாம். நீங்கள் செய்ததை எக்செல் நிரலாக எழுதி வைத்திருக்கும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

அடுத்து ஆல்ட், எஃப்11 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் நிரல் சாளரத்தின் இடப்பக்கம் ‘மாட்யூல்1’ இருக்கும், அதை டபுள் கிளிக் செய்தால் இந்த வரி கண்ணில் படும் (நிரலில் ஆங்கில எழுத்துதான், இங்கே ஒலியை எழுதுகிறேன்):

செலக்‌ஷன்.என்டயர்காலம்.ஹிடன் = ட்ரூ

‘ட்ரூ’ என்றால் மறை, ‘ஃபால்ஸ்’ என்றால் காட்டு. நமக்கு இரண்டும் வேண்டும். அதனால் ‘ட்ரூ’வை எடுத்துவிட்டு இப்படிப் போடுங்கள்:

நாட் காலம்ஸ்("சி").ஹிடன்

‘நாட்’ என்றால் இப்போது இருப்பதற்கு நேர்மாறு. சி இப்போது மறைந்திருந்தால் மூன்றும் வெளியே வரும். தெரிந்தால் மூன்றும் மறையும். மூன்றையும் கேட்காமல் சி-யை மட்டும் ஏன் கேட்கிறோம்? யாராவது டி-யை மட்டும் கையால் மறைத்து வைத்திருந்தால், ‘மூன்றும் மறைந்திருக்கிறதா’ என்பதற்கு ஆம், இல்லை இரண்டுமே பதில் ஆகாது. எக்செல் வெறுமையைத் திருப்பித் தரும், நிரல் ஓடாது.

அப்புறம் ‘இன்சர்ட்’ தாவலில் ஒரு கட்டம் வரைந்து, வலது கிளிக்கில் ‘அசைன் மேக்ரோ’ கொடுத்து நம் மேக்ரோவைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கட்டம்தான் நம் பட்டன். கட்டத்தைப் பெயர் நெடுவரிசைக்கு மேலே வையுங்கள். சி மேல் வைத்தால் நெடுவரிசையோடு பட்டனும் சுருங்கிக் காணாமல் போகும்.

கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் வகையில் சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் நிரல் தங்காது. மேக்ரோ செய்ததைக் கன்ட்ரோல் இசட் திருப்பாது. பட்டனையே மறுபடி அழுத்துங்கள். மதிப்பெண் நெடுவரிசையை மறைத்தாலும் ‘சம்’ கூட்டல் அதையும் சேர்த்தே கணக்கிடும்.

கோப்பையே பெற்றோருக்கு அனுப்புவதாக இருந்தால் மட்டும் இந்த முறை போதாது. மறைத்ததை யார் வேண்டுமானாலும் இரண்டு கிளிக்கில் திறந்துவிடலாம். ஒரு நகல் எடுத்து அந்த மூன்று நெடுவரிசைகளையும் அழித்துவிட்டு அனுப்புங்கள், அல்லது மறைத்தபின் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள்.