விசை, நிறை, முடுக்கம்: கணக்கு எங்கே சறுக்குகிறது?

விசை = நிறை × முடுக்கம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடலாம். ஆனால் கணக்கென்று வந்தால் பலர் சறுக்குகிறார்கள். பெருக்கத் தெரியாமல் சறுக்குவதில்லை. எந்த விசை, எந்தப் பொருளின் நிறை என்று பார்க்காமல் எண்களைப் போட்டுவிடுகிறார்கள். சமன்பாட்டில் இருக்கும் விசை, நாம் தேர்ந்தெடுத்த ஒரு பொருளின் மேல் வெளியிலிருந்து செயல்படும் எல்லா விசைகளையும் திசையோடு கூட்டினால் கிடைக்கும் நிகர விசை. நிறையும் அதே பொருளின் நிறை. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைக் கைவிடுவதால் வருபவை.

தள்ளினால் திரும்பி வரும் பெட்டி

சமதளத் தரையில் 10 கிகி பெட்டி ஒன்று ஓய்வில் இருக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3. அதைக் கிடைமட்டமாக 30 நியூட்டன் விசையால் தள்ளினால் முடுக்கம் என்ன?

அவசரக்காரர் 30 ÷ 10 = 3 மீ/வி² என்று எழுதிவிடுவார். உராய்வு மறந்துபோயிற்று. சற்றுக் கவனமானவர் உராய்வைக் கணக்கிடுவார்: 0.4 × 10 × 9.8 = 39.2 நியூட்டன் (9.8 மீ/வி² என்பது புவியீர்ப்பு முடுக்கம்). பிறகு 30 − 39.2 = −9.2 நியூட்டன், முடுக்கம் −0.92 மீ/வி² என்று முடிப்பார். அதாவது முன்னால் தள்ளிய பெட்டி, தள்ளியவர் மேலேயே வந்து மோதுகிறது! இரண்டு தவறுகளில் இதுதான் மோசமானது; படிகள் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

39.2 நியூட்டன் என்பது ஓய்வுநிலை உராய்வு எட்டக்கூடிய உச்ச அளவு. அதுவரை உராய்வு, தள்ளும் விசைக்கு ஈடுகொடுக்கத் தேவையான அளவே எழும். 30 நியூட்டனில் தள்ளினால் உராய்வும் 30 நியூட்டன்தான்; நிகர விசை சுழி, பெட்டி அசையாது. 50 நியூட்டனில் தள்ளினால் வரம்பு உடைந்து பெட்டி நகரும். நகரத் தொடங்கியதும் 0.4 ஐ விட்டுவிட்டு 0.3 ஐ எடுக்க வேண்டும்: உராய்வு 29.4 நியூட்டன், நிகர விசை 20.6 நியூட்டன், முடுக்கம் 2.06 மீ/வி². ஆகவே உராய்வு வரும் கணக்கில் முதல் கேள்வி எப்போதும் "பொருள் நகருமா?" என்பதே.

இதே பெட்டியைக் கயிறு கட்டி, கிடையோடு 37 பாகை மேல்நோக்கி 50 நியூட்டனில் இழுத்தால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. இழுப்பின் செங்குத்துக் கூறு ஏறக்குறைய 30 நியூட்டன். அது பெட்டியைத் தூக்க முயல்கிறது. தரை கொடுக்கும் செங்குத்து விசை 98 அல்ல, 68 நியூட்டன். உராய்வும் அதற்கேற்பக் குறையும். "செங்குத்து விசை = எடை" என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். செங்குத்துத் திசையிலும் விசைகளைக் கூட்டிப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆள் இல்லாத அம்புக்குறி

மேலே எறிந்த பந்துக்கு விசைப்படம் வரையச் சொன்னால், கீழ்நோக்கி எடையை வரைந்துவிட்டு, மேல்நோக்கி "எறிந்த விசை" என்று ஒன்றையும் சேர்ப்பவர்கள் ஏராளம். பந்து மேலே போகிறதென்றால் அதை மேலே தள்ள ஏதோ இருக்க வேண்டும் என்ற உள்ளுணர்வு அவ்வளவு வலுவானது. கை விலகிய கணமே அந்த விசை முடிந்தது. அதன்பின் பந்திடம் இருப்பது திசைவேகம். அது விசையாகாது. காற்றின் தடையை விட்டுவிட்டால் ஏறும்போதும் இறங்கும்போதும் முடுக்கம் கீழ்நோக்கி 9.8 மீ/வி². உச்சியில் திசைவேகம் சுழியாகும் கணத்திலும் அதே 9.8 தான். அங்கே முடுக்கமும் சுழியாகியிருந்தால் பந்து அந்தரத்திலேயே நின்றுவிடும்.

வரைந்த ஒவ்வோர் அம்புக்குறிக்கும் "இதைக் கொடுப்பது யார்?" என்று கேளுங்கள். பூமி, தரை, கயிறு, கை, காற்று என்று ஒரு பெயர் வந்தால் இருக்கட்டும். வரவில்லையென்றால் அழித்துவிடுங்கள். "நிறை × முடுக்கம்" என்றே ஓர் அம்புக்குறி போடுவதும் இதனால் அடிபட்டுப் போகும். அது விசைகளின் விளைவு, தனி விசை அல்ல. வட்ட இயக்கத்தில் கயிற்றின் இழுவிசையையும் போட்டு, கூடவே "மையநோக்கு விசை" என்று தனியாக ஒன்றைச் சேர்ப்பதும் இதே வகைதான்.

தொங்கும் எடையும் கயிற்றின் இழுவிசையும்

வழவழப்பான மேசைமேல் 3 கிகி கட்டை. அதில் கட்டிய கயிறு மேசை விளிம்பிலுள்ள கப்பிமேல் சென்று 2 கிகி எடைக்கல்லைத் தாங்குகிறது. கல்லின் எடை 19.6 நியூட்டன், எனவே கயிறு கட்டையை 19.6 நியூட்டனால் இழுக்கிறது, முடுக்கம் 19.6 ÷ 3 = 6.53 மீ/வி². கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கயிற்றின் இழுவிசை 19.6 என்றால், கல்லின் மேல் செயல்படும் நிகர விசை சுழியாகிவிடும். பிறகு அது கீழே முடுக்கமடைவது எப்படி?

புவியீர்ப்பின் 19.6 நியூட்டன், கட்டையையும் கல்லையும் சேர்த்து 5 கிகியை முடுக்குகிறது. முடுக்கம் 3.92 மீ/வி². கட்டையை மட்டும் பார்த்தால் இழுவிசை 3 × 3.92 = 11.76 நியூட்டன். சரிபார்க்கக் கல்லின் பக்கம் வாருங்கள்: 19.6 − 11.76 = 7.84, 2 × 3.92 = 7.84. இப்படி இரண்டு பொருள்களையும் தனித்தனியே சோதிக்காமல் விடையை எழுத வேண்டாம். கல்லை எடுத்துவிட்டுக் கையாலேயே கயிற்றை 19.6 நியூட்டனில் இழுத்தால் மட்டும் 6.53 சரி.

லிஃப்டில் எடை பார்ப்பது

எடைகாட்டும் கருவி காட்டுவது, அது நம் காலடியில் கொடுக்கும் செங்குத்து விசையை. 60 கிகி நிறையுள்ளவர் லிஃப்டில் அதன்மேல் நிற்கிறார். லிஃப்ட் மேல்நோக்கி 1.5 மீ/வி² முடுக்கமடைந்தால் அந்த விசை 60 × 11.3 = 678 நியூட்டன்; கருவியில் ஏறக்குறைய 69.2 கிகி. மேலே போய்க்கொண்டே அதே அளவில் வேகம் குறைந்தால் 60 × 8.3 = 498 நியூட்டன், அதாவது 50.8 கிகி. சீரான வேகத்தில் போனால், எவ்வளவு வேகமானாலும், 60 தான்.

"லிஃப்ட் மேலே போனால் எடை கூடும்" என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. எந்தப் பக்கம் போகிறது என்பது பொருட்டல்ல, முடுக்கம் எந்தப் பக்கம் என்பதே கேள்வி. கீழே இறங்கும் லிஃப்ட் நிற்கப்போகும் நேரத்தில் முடுக்கம் மேல்நோக்கி இருக்கும். அப்போதும் அளவு கூடும்.

நிறையும் எடையும்

60 கிகி நிறை, நிலவிலும் 60 கிகி. எடை மட்டும் 588 நியூட்டனிலிருந்து ஏறக்குறைய 97 நியூட்டனாகும், அங்கே ஈர்ப்பு முடுக்கம் 1.62 மீ/வி² என்பதால். நிலவில் ஒரு வண்டியைத் தூக்குவது எளிது. அதைத் தள்ளி வேகமெடுக்க வைப்பதும், ஓடுவதை நிறுத்துவதும் அதே அளவு எளிதாகிவிடாது. கனமான பொருள் வேகமாக விழும் என்ற நினைப்பும் இங்கேதான் உடைகிறது. நிறை இருமடங்கானால் எடையும் இருமடங்கு, முடுக்கப்பட வேண்டிய நிறையும் இருமடங்கு. 1971 இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டபோது இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

சொற்களிலும் ஒரு கண் வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் "நிறை" இலங்கை நூல்களில் "திணிவு". அங்கே "நிறை" என்றால் எடை. முடுக்கம் அங்கே ஆர்முடுகல். இணையத்தில் இரண்டு வகை விளக்கங்களையும் கலந்து படிப்பவர்கள் அலகைப் பார்த்துத் தெளிவது நல்லது: கிகி என்றால் திணிவு, நியூட்டன் என்றால் எடை.

அலகுப் பிழை சலிப்பூட்டும் விஷயம், ஆனால் விலை அதிகம். 1200 கிகி கார் மணிக்கு 72 கிமீ வேகத்திலிருந்து 4 வினாடியில் நிற்கிறது. 72 ஐ அப்படியே 4 ஆல் வகுத்தால் விசை 21,600 நியூட்டன். 72 ஐ 3.6 ஆல் வகுத்து 20 மீ/வி ஆக்கினால் முடுக்கம் −5 மீ/வி², விசையின் அளவு 6000 நியூட்டன். 200 கிராமை 0.2 கிகி ஆக்க மறந்தால் விடை ஆயிரம் மடங்கு பிசகும்.

எதிர்விசை யார் மேல்?

மேசைமேல் புத்தகம். அதன் எடையும் மேசை தரும் செங்குத்து விசையும் சமம், எதிரெதிர். அதனால் அவை செயல்–எதிர்ச்செயல் இணை என்று எழுதினால் தவறு. இரண்டுமே புத்தகத்தின் மேல்தான் செயல்படுகின்றன. இணையைக் கண்டுபிடிக்கப் பெயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். "பூமி புத்தகத்தை இழுக்கிறது" என்பதற்கு இணை "புத்தகம் பூமியை இழுக்கிறது". இணையின் இரண்டு விசைகளும் வெவ்வேறு பொருள்களின் மேல் இருப்பதால் ஒன்றையொன்று அடித்துவிடாது.

ஆய்வகத்தில் வளையும் கோடு

தள்ளுவண்டியைத் தொங்கும் எடையால் இழுத்து, விசைக்கும் முடுக்கத்துக்கும் வரைபடம் போடும் சோதனையில் நேர்கோடு வர வேண்டும். கோடு ஆதியைத் தொடாமல் விசை அச்சை வெட்டினால் உராய்வு ஈடுசெய்யப்படவில்லை. எடையைக் கழற்றிவிட்டு, லேசாகத் தட்டியதும் வண்டி சீரான வேகத்தில் ஓடும் வரை பாதையின் ஒரு முனையை உயர்த்துங்கள்.

கோடு மேலே போகப்போகச் சாய்வு குறைந்து வளைந்தால் காரணம் வேறு. 500 கிராம் வண்டியை 10 கிராம் எடையால் இழுத்தால் இழுவிசையை அந்த எடைக்குச் சமம் என்று கொள்வதில் பிழை 2 சதவீதம். 50 கிராம் தொங்கவிட்டால் அதுவே 10 சதவீதம். வெளியிலிருந்து எடைக்கல் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் முடுக்கப்படும் மொத்த நிறையும் கூடிவிடுகிறது. எனவே பயன்படுத்தப்போகும் எடைக்கற்கள் அனைத்தையும் முதலிலேயே வண்டியில் ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். மொத்த நிறை மாறாது, கோடும் நிமிரும். அந்தக் கோட்டின் சாய்விலிருந்து கிடைக்கும் நிறை வண்டியுடையது மட்டுமல்ல; வண்டி, கொக்கி, கற்கள் எல்லாம் சேர்ந்தது.